கண்வலிப்பூவைப் படம் பிடித்தேன்

விடிந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்தது. சந்தில் பால் செம்பு மோதும் சத்தம். கொல்லையில் கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டது. என் மாமியார் தண்ணீர் இறைக்கிறார். எனக்கு மட்டும் விடியவில்லை.

கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தடவினால் பூளை காய்ந்து பொருக்காகக் கிடந்தது. உள்ளே யாரோ ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல்.

பாயில் எழுந்து உட்கார்ந்து பக்கத்தில் தடவினேன். என் வீட்டுக்காரர் எழுந்து போயிருந்தார். 

நான் எதற்கும் பயப்படாதவள் என்று எங்கள் சந்தில் ஒரு பெயர் உண்டு. பாதிக்கு மேல் நானே பரப்பியது. அன்று காலை அந்தப் பெயர் போன இடம் தெரியவில்லை. கை காலெல்லாம் வெடவெடவென்று ஆடியது.

கண்வலி ஊருக்கெல்லாம் வருவதுதானே, இதற்குப் போய் இத்தனை நடுக்கமா என்று கேட்பீர்கள். என் விஷயம் வேறு. கொஞ்ச நாளைக்கு முன்னால்தான், பார்க்கக் கூடாத ஒரு பூவைப் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பூவுக்கு ஆயுசே ஒரு பகல்

அதைச் சொல்வதற்கு முன் காமிராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

யுத்த காலம். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்கட்டில் ஸ்டூடியோ, பின்கட்டில் நாங்கள், கொல்லையில் கிணறும் ஒரு நந்தியாவட்டைச் செடியும். வாசலில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்று. அதற்குள் தலைப்பாகைக்காரப் பெரிய மனிதர்கள் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார்கள்.

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஜனங்கள் பயந்தார்கள். உயிரோடு இருக்கும் வரை காமிரா இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதவர்கள், உயிர் போனதும் அவசரமாக ஆள் அனுப்புவார்கள். போனவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, ஒரு படம். அசையாமல் இருக்கச் சொல்லும் வேலை மிச்சம் என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்காது, அந்தப் படங்களும் பிடிக்காது.

அதனால்தான் நான் பூக்களிடம் போனேன் என்று நினைக்கிறேன். படம் பிடித்தால் ஆயுசு குறையுமாம். பூவுக்கு ஆயுசே ஒரு பகல், அதில் நான் எதைக் குறைத்துவிடப் போகிறேன்?

பிளேட் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. பிளேட் என்றால் மருந்து பூசிய கண்ணாடித் தட்டு. அதில்தான் படம் விழும். ஓரம் புகைந்து, மனுஷர் படத்துக்கு ஆகாது என்று அவர் ஒதுக்கியவை எனக்கு வந்தன. காமிராவில் எதைத் திருகினால் என்ன ஆகும் என்பது, அவருக்குக் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றே எனக்குப் பழகிவிட்டது.

முதலில் எடுத்தது பூசணிப்பூ. பிறகு எருக்கு, ஆவாரை, தும்பை. வேலியில் கிடப்பதையெல்லாம் படம் பிடிக்கிறாளே என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். மகன் கண்டுகொள்ளாததால் அதோடு விட்டுவிடுவார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் வியர்வை நாற்றமும் துணியின் மக்கல் வாடையும் மூச்சை அடைக்கும். எதிரில் மங்கலான கண்ணாடி. அதில் பூ தலைகீழாகத் தெரியும். முதல் சில நாள் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதுவே பிடித்துவிட்டது. தலைகீழாகத் தெரியும்போது அது பூசணிப்பூ என்பது மறந்துபோகும். ஐந்து முனை, நரம்புகள், உள்ளே ஓர் எறும்பு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பெயர் தெரிந்த எதையும் நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை என்று அந்தத் துணிக்குள் இருக்கும்போது தோன்றும். வெளியே வந்தால் அரிசி களைய வேண்டும், அந்த எண்ணம் போய்விடும்.

ஓடிக் கடக்கும் வேலி

எனக்குப் பிறந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். அந்த ஐப்பசியில் தங்கை கல்யாணத்துக்கு அவரும் நானும் காமிராவோடு போயிருந்தோம். அன்னவாசல் வழியாகக் கரியில் ஓடும் பஸ். பெட்ரோல் இல்லாத காலம்; பஸ்ஸின் பின்னால் அடுப்பு கட்டி, கரியை எரித்து ஓட்டினார்கள். போய் இறங்கும்போது கல்யாணப் பெண்ணின் அக்கா கரிச்சட்டியைத் துடைத்த துணி மாதிரி இருந்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. அவர் அயர்ந்து தூங்கினார். மிச்சமிருந்த புகைந்த பிளேட் ஒன்றையும் காமிராவையும் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போனேன்.

அங்கே ஒரு கள்ளி வேலி. அதைக் கடக்கும்போதெல்லாம் சிறுவயதில் நாங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். காரணம், அதில் மழைக்காலத்தில் கண்வலிப்பூ பூக்கும். அதை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும். நெடுநேரம் பார்த்தால் கண்ணே போய்விடும். எங்கள் பக்கத்தில் இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அதாவது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பூவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. விரலிடுக்கு வழியாக ஒரு சிவப்பு தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்தேன். அடியிலும் ஓரத்திலும் மஞ்சள், மேலே போகப்போகச் சிவப்பு. இதழ்கள் கீழே தொங்காமல் மேல்நோக்கி நெளிந்து எரிந்துகொண்டிருந்தன. இலையின் நுனிகூடச் சுருண்டு கள்ளியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. இத்தனை அழகை வைத்துக்கொண்டு பார்க்காதே என்றால் என்ன நியாயம்? காமிராவை நிறுத்தினேன். காற்று அடங்கவில்லை. பூ ஆடிக்கொண்டே இருந்தது. துணிக்குள் தலையை விட்டுக் காத்திருந்தேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். தலைகீழாகத் தெரிந்தபோது, சாமி முன்னால் ஏற்றிய கற்பூரத்தை யாரோ கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருந்தது.

ஆடு மேய்க்க வந்த ஒருத்தி, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"ஏத்தா, படிச்ச புள்ளதானே நீ? அதையப் போயி இம்புட்டு நேரமா உத்துப் பாக்குற. கண்ணு அவிஞ்சு போயிருமத்தா."

நான் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் காற்று அடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தை எடுத்து முடித்தேன்.

கறுத்துப்போன சிவப்பு

ஊருக்குத் திரும்பி, அவர் பிளேட்டைக் கழுவி அச்சுப் போட்டார். பூ கறுப்பாக விழுந்திருந்தது. இதழ் ஓரத்து மஞ்சள் மட்டும் வெளுத்த கோடாகத் தெரிய, நடுவெல்லாம் கரி.

 சிவப்பு நிறம் அந்தக் காலத்துப் பிளேட்டில் பதியாது. கல்யாணப் படங்களில் குங்குமம் கறுப்புப் பொட்டாக விழுவதை எத்தனையோ தரம் பார்த்தவள்தான் நான். அவரும் அதையே சொன்னார். அறிவுக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பச்சப்புள்ளகூட அங்கிட்டுப் பாக்காது. இவ அதையப் புடிச்சு வீட்டுக்கே கொண்டாந்துட்டா" என்று கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

என் வீட்டுக்காரருக்கோ படம் பிடித்துவிட்டது. பெரிய அளவில் போட்டு, தலைப்பாகைக்காரர் ஒருவரை இறக்கிவிட்டு ஷோகேஸில் மாட்டினார். கறுப்பாக எரியும் ஒரு பூ. என்ன பூ என்று யாருக்கும் தெரியவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். என்ன பூ என்று தெரிந்ததும் சிலர் திட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

பக்கத்து வீட்டு மீனாச்சியின் மகள் ராசாத்தி, ஐந்தாறு வயசுக்காரி, ஷோகேஸின் கீழ்ச் சட்டம்தான் அவள் உயரம். குதித்துக் குதித்துப் பார்த்தாள். நான்தான் இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டினேன். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஆசை தீரப் பார்த்தாள்.

சந்தே சிவந்தது

அதற்கப்புறம்தான் அந்தக் காலை. என் வீட்டுக்காரர் வந்து வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி என் கண்ணைத் திறந்துவிட்டார். பாலுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அவர் முகம் தெரிந்தது. தெரிகிறதே என்று அழுதேன்.

மாமியார் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பேசாமல் கொல்லைக்குப் போய் நந்தியாவட்டைப் பூக்களைப் பறித்துத் தண்ணீரில் நனைத்து வந்து என் இமைமேல் வைத்தார். கண்வலிக்கு அதுதான் கைவைத்தியம். குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன்.

இரண்டொரு நாளில் என் வீட்டுக்காரர் கண்ணும் சிவந்தது. அவர் வேலிக்கே வரவில்லை. பூவை நேரில் பார்க்கவே இல்லை, படத்தைத்தான் பார்த்தார். மாமியார் அதைக் கிணற்றடியில் ஒருத்தியிடம் சொன்னார். சந்துக்கு அது போதும்.

அடுத்தடுத்து எல்லா வீட்டிலும் கண் சிவந்தது. எந்த வீட்டில் விசாரித்தாலும் ஷோகேஸ் படத்தைப் பார்த்தவர்கள்தான். பார்க்காதவர் யார்? சந்தில் போக வேண்டுமென்றால் எங்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும். மழைக்காலத்துக் கண்வலி, ஒருவர் துண்டை இன்னொருவர் எடுத்தாலே தொற்றும் என்று இப்போது ஆயிரம் பேசலாம். அன்றைக்கு எனக்கே வேறு மாதிரி நினைக்கத் தைரியம் இல்லை.

ஒருநாள் காலையில் வாசலில் கூட்டம் கூடியது. சத்தம் போடவில்லை. ஆளுக்கு ஒரு துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு சும்மா நின்றார்கள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். வண்டிக்கார முத்தையா மட்டும் முன்னால் வந்தார். சில கைகளில் கல் இருந்ததை நான் பார்த்தேன்.

"ஒங்கமேல குத்தம் சொல்லலீங்க. ஆனா அந்தப் படம் இருக்க வரைக்கும் சந்துக்கு விடிவு இல்லீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ஷோகேஸைத் திறந்து படத்தை எடுத்துக் கிழித்தார். அது போதாது, பிளேட் இருந்தால் மறுபடி படம் போடலாமே என்று யாரோ விவரம் தெரிந்தவர் பின்னாலிருந்து சொன்னார். இவர் பிளேட்டை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 

நான் வாங்கி வாசற்கல்லில் ஓங்கி அடித்தேன். மற்றவர் உடைத்தால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. நான் உடைத்தும் தாங்கவில்லை, அது வேறு விஷயம். கூட்டம் கலைந்தது. கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளும்போது ஒரு சில்லில் இதழின் நுனி மட்டும் முழுசாக இருந்தது.

மீனாச்சியின் நியாயம்

மற்றவர்களுக்கு மெல்ல மெல்லச் சிவப்பு இறங்கியது. பிளேட்டை உடைத்ததால்தான் என்றார்கள். ராசாத்திக்கு மட்டும் இறங்கவில்லை. வலது கண் வீங்கி, இமை மூடியபடியே இருந்தது. தூக்கிப் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பூ விழுந்துவிட்டது, இனி அந்தக் கண் அவ்வளவுதான் என்று சந்தில் பேச்சு.

மீனாச்சியின் புருஷன் மலாயாத் தோட்டத்துக்குப் போனவன். ஜப்பான்காரன் வந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் கப்பல் ஏறியபோது ராசாத்தி வயிற்றில் இருந்தாள். போகும்முன் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில்தான் அவள் அப்பனைப் பார்த்திருக்கிறாள். மீனாச்சி இட்லி சுட்டு விற்று அவளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிற்பகல் மீனாச்சி கொல்லை வழியாக வந்தாள். நான் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். பிள்ளையைத் தூக்கிக் காட்டிய இடுப்பு வலிப்பது போலவே இருந்தது.

அவள் திட்டவில்லை. நந்தியாவட்டைச் செடியைக் காட்டினாள்.

"அக்கா, அந்தப் பூவோட படத்தப் பாத்து நோவு வந்துச்சுன்னா, இந்தப் பூவோட படத்தப் பாத்தா நோவு போவணும்ல? எம்புள்ளைக்கு இதப் படம் புடிச்சுத் தாங்க."

 அவள் சொன்னதில் எங்கே ஓட்டை என்று தேடினேன். சந்தே நம்பிய நியாயம்தானே அது? அதைத் திருப்பிப் போட்டால் இது. பூவை அரைத்து விட்டாயிற்று, தாய்ப்பால் விட்டாயிற்று, அம்மன் கோயில் தீர்த்தம் விட்டாயிற்று. இன்னும் இருப்பது இதுதான் என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன். போகமாட்டேன் என்று தலையாட்டினாள். அங்கே கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்களாம்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, பேரம் பேசினேன். "படம் நான் புடிச்சுத் தர்றேன். ஆனா நாளைக்கே நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். ரெண்டும் நடக்கணும். ஒண்ணு மட்டும்னா நான் காமிராவத் தொட மாட்டேன்."

மீனாச்சி செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

அவள் போனபிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கண் போய்விட்டால்? முதல் படம் நோவைக் கொண்டுவந்தது, இரண்டாவது படம் கண்ணையே கொண்டுபோனது என்பார்கள். மலாயாவிலிருந்து ஒருநாள் அவன் வந்து நின்றால் நான் எந்த முகத்தோடு வெளியே வருவேன்?

மூளி

நல்ல பிளேட் ஒன்றே ஒன்று இருந்தது. யாரோ பெரிய இடத்துக் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் கண் என்னுடையதைவிட மோசமாக இருந்தது. வெளிச்சத்தில் திறக்கவே முடியவில்லை. நான்தான் எடுத்தாக வேண்டும்.

எனக்கும் பார்வை முழுசாகத் தெளிந்திருக்கவில்லை. கறுப்புத் துணிக்குள் கண்ணாடியில் பூ கலங்கிக் கலங்கித் தெரிந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது. முந்தானையால் துடைப்பேன், தெளியும், மறுபடி கலங்கும். இத்தனை நாள் இமைமேல் வைத்துக்கொண்டு கிடந்த பூதான். ஒருநாளும் அதை முகத்துக்கு நேரே பார்த்ததில்லை. ஐந்து இதழ், ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிய வெள்ளைக் காற்றாடி. இந்தப் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்று என்று அதனிடமே வேண்டிக்கொண்டு காமிராவின் மூடியைத் திறந்து மூடினேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் அவர் பிளேட்டைக் கழுவினார். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாலு எதழுதான் இருக்கு."

நான் நம்பவில்லை. கொல்லைக்கு ஓடினேன். பூ அப்படியே செடியில் இருந்தது. நாலு இதழ். ஐந்தாவது இருந்த இடத்தில் புழு தின்று மிச்சம் வைத்த துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருந்ததைப் பார்க்கவில்லை.

மூளிப் பூ சாமிக்கே ஆகாது என்பார் மாமியார். அதைக் கண் போகக் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதா? வேறு பிளேட் கிடையாது. கூர்மையான பென்சிலால் பிளேட்டிலேயே ஐந்தாவது இதழை வரைந்துவிட அவரால் முடியும். அம்மைத் தழும்பையெல்லாம் அழித்துக் கொடுக்கிறவர். ஆனால் அன்றைக்கு அவர் கண் பென்சில் முனையைக்கூடப் பார்க்கும் நிலையில் இல்லை. 

அப்படியே அச்சுப் போட்டு ஷோகேஸில் மாட்டினோம். மீனாச்சி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். சொன்ன வாக்கை அவள் காப்பாற்றிவிட்டாள், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது.

சந்து ஜனமும் வந்தது. பார்த்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் நிற்கும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொள்வேன். யார் எண்ணப் போகிறார்களோ என்று. யாரும் எண்ணவில்லை. நந்தியாவட்டையைத் தெரியாதவர் யார்? முத்தையா வண்டியை நிறுத்தி, ஐந்து இதழும் என்ன தெளிவாக விழுந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரரைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவிழியில் புண் என்று சொல்லி, பழுப்பு நிறச் சொட்டுமருந்து விட்டுக் கண்ணைக் கட்டிவைத்தார். புண் ஆறினாலும் வெள்ளை கொஞ்சம் நிற்கும், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றாராம்.

கட்டு அவிழ்த்த அன்று

கட்டைப் பிரித்ததும் மீனாச்சி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே சந்து வந்தது. நானும் அவரும் படியில் நின்றோம். மாமியார் எங்களுக்குப் பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருந்தார். அவர் விரல் என் தோளில் பதிந்தது. அவருக்கும் பயம்தான்.

ராசாத்தியின் வலது கண்ணில், கருவிழி ஓரத்தில் மெல்லிய வெள்ளை. வெயிலுக்குக் கூசிக்கொண்டு பாதி திறந்திருந்தது.

மீனாச்சி அவளை இடுப்பில் ஏற்றி ஷோகேஸ் முன்னால் நின்றாள். தன் உள்ளங்கையால் பிள்ளையின் நல்ல கண்ணை, இடது கண்ணை, இறுக்கப் பொத்தினாள்.

"என்னடி தெரியுது?"

ராசாத்தி முகத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனாள். "வெள்ளையா இருக்கு."

 கண்ணில் வெள்ளை விழுந்தவளுக்கு எதுதான் வெள்ளையாகத் தெரியாது? மீனாச்சிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"பூவுக்கு எத்தன எதழுடி? எண்ணு."

என் உயிர் என்னிடம் இல்லை. பிள்ளை விரலை நீட்டிக் கண்ணாடியில் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணியது.

"நாலு."

கூட்டத்தில் ஒருத்தி 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள். மீனாச்சி பிள்ளையை உலுக்கினாள். "நல்லாப் பாருடி. அஞ்சுடி. நந்தியாவட்டடி."

"நாலுதான்" என்றாள் ராசாத்தி, அழுகை வந்த குரலில்.

மீனாச்சி பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் கையை வைத்துக்கொண்டாள். வெளியே வராத அழுகையில் அவள் உடம்பு குலுங்கியது.

நான் சொன்னால், மூளிப் பூவைக் கொடுத்தவள் என்று சந்து முழுக்கத் தெரியும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். சொல் என்று பிடித்தாரா, சொல்லாதே என்று பிடித்தாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. உதறிவிட்டுப் படியிறங்கினேன்.

"மீனாச்சி, எந்திரி. நீ எண்ணு" என்றேன். சொன்னேனா கத்தினேனா தெரியாது.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். கையைப் பிடித்துப் பிள்ளையோடு தூக்கிவிட்டேன். ஷோகேஸ் முன்னால் நிறுத்தி, அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தேன்.  ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்துக்கு விரல் தானாகப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

முத்தையா முன்னால் வந்து குனிந்து பார்த்தார். மாமியார் பார்த்தார். சந்தில் இருந்த அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு வந்து, அத்தனை நாள் பார்த்த படத்தை முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

இடுப்பில் இருந்த ராசாத்தி ஆத்தாளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். நல்ல கண்ணை இப்போது தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணப் புழு தின்னுருச்சு, ஆத்தா. அந்தா, கொஞ்சூண்டு மிச்சம் இருக்கு பாரு."